பழைய காரின் மங்கிய பெயிண்டை மெஷின் பாலிஷால் மீட்பது: ஒரு கைத்தொழில் பாடம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



வளவனூரிலும் சுற்றுவட்டாரத்திலும் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பழைய கார் இருக்கிறது. மாருதி 800, ஆம்னி, சாண்ட்ரோ, இண்டிகா, அபூர்வமாக ஓர் அம்பாசடர். மாருதி 800, 1983-இல் தொடங்கி 2014 வரை தயாரானது. அம்பாசடர் தயாரிப்பும் 2014-இல் நின்றது. ஆம்னி 2019-இல் நின்றது. டி.என். 32, டி.என். 16 எண் பலகைகளுடன் இவை இன்றும் நம் தெருக்களில் ஓடுகின்றன. இன்ஜின் நன்றாகவே இருக்கும். ஆனால் மேற்கூரையும் பானெட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும். சிவப்பு வண்டி ரோஸ் நிறமாகியிருக்கும்.

இதைப் பார்த்தவுடன் "முழுசா பெயிண்ட் அடிச்சுடலாம்" என்பதே முதல் யோசனையாக வருகிறது. நல்ல முறையில் முழு பெயிண்ட் அடிப்பது பெரிய செலவு. அதற்காக வட்டிக்குக் கடன் வாங்குவோரும், நன்றாக ஓடும் வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவோரும் உண்டு. பல வண்டிகளில் பெயிண்ட் கெட்டுப்போகவில்லை, அதன் மேல்தோல் மட்டுமே செத்திருக்கிறது. அந்த மேல்தோலை அளவாக எடுத்துவிட்டால் அடியில் நல்ல நிறம் இருக்கிறது. ஒன்றிரண்டு நாள் உழைப்பில் முடியக்கூடிய வேலை இது.

மூன்று பேரை நினைத்து இப்பாடத்தை எழுதுகிறோம். சொந்தக் காரைப் பேணுகிறவர், இதைத் தொழிலாகக் கற்க விரும்பும் இளைஞர், பழைய கார் வாங்கவோ விற்கவோ இருப்பவர். மூன்றாமவருக்கான பகுதி கடைசியில் வருகிறது. மற்ற இருவரும் அதைப் படிக்காமல் விட வேண்டாம்.

1. பெயிண்ட் ஏன் வெளுக்கிறது?

பெயிண்டில் முக்கியமாக இரண்டு பொருட்கள் உள்ளன. ஒன்று நிறம் தரும் பொடி. மற்றொன்று அந்தப் பொடியைப் பிடித்து வைத்திருக்கும் பிசின். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரும், காற்றில் உள்ள ஆக்சிஜனும், ஈரமும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் இந்தப் பிசினை அறுக்கின்றன. பிசின் போனபின் நிறப்பொடி பிடிமானமின்றி மேலே நிற்கும். விரலால் தேய்த்தால் கையில் ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் ஆக்சிடேஷன் என்கிறார்கள்.

மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும்போது ஒளி ஒரே திசையில் திரும்பி வருகிறது. அதுவே பளபளப்பு. மேற்பரப்பு நுண்ணிய மேடுபள்ளமானால் ஒளி எல்லாப் பக்கமும் சிதறும், நிறம் வெளிறித் தெரியும். மங்கிய காரில் தண்ணீர் ஊற்றினால் சில நிமிடம் பழைய நிறம் வந்து போவதைக் கவனித்திருப்பீர்கள். தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்புவதே காரணம். எண்ணெய் பூசினாலும் இதுவே நடக்கும். இந்த விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எல்லா நிறமும் ஒரே மாதிரி கெடுவதில்லை. சிவப்பு சீக்கிரம் வெளுக்கும். வெள்ளை நிறத்துக்குப் பயன்படும் டைட்டானியம் டை ஆக்சைடு வெயிலில் சுற்றியுள்ள பிசினை அரிக்கக்கூடியது, அதனால் வெள்ளை வண்டியில் மாவு போன்ற தூள் வரும். மேற்கூரை, பானெட், டிக்கி ஆகிய கிடைமட்டப் பகுதிகள் முதலில் கெடும், கதவுகள் கடைசியில்தான் கெடும். நம் பகுதியில் மே மாதத்து அக்னி நட்சத்திர வெயிலும், போர்வெல் தண்ணீரின் உப்புக் கறையும், மரத்தடியில் நிறுத்தும்போது விழும் பறவை எச்சமும் இதைத் துரிதப்படுத்துகின்றன. மரக்காணம், புதுச்சேரி கடலோரத்தில் வண்டி வைத்திருப்போருக்கு உப்புக் காற்றும் சேரும்.

2. உங்கள் காரில் இருப்பது எந்தப் பெயிண்ட்?

கார் பெயிண்டிங்கை நம் ஊர்ப் பெயிண்டர்கள் "டூகோ" என்று சொல்வார்கள். அது அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் வைத்த வணிகப் பெயர். 1923-இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்களில் இந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடிக்கப்பட்டது. அதற்கு முன் வார்னிஷ் வகைப் பூச்சுகள் காய வாரக்கணக்கில் ஆகும், டூகோ சில மணி நேரத்தில் காய்ந்தது. பெயிண்ட் வகைகள் பல மாறிவிட்டன. பெயர் மட்டும் நம் பட்டறைகளில் நிலைத்துவிட்டது.

இன்று நாம் பிரித்தறிய வேண்டியவை இரண்டே வகை.

ஒற்றைப் பூச்சு: நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருக்கும். பழைய மாருதி, அம்பாசடர், ஆம்னி வண்டிகளின் சாதா நிறங்களில் இதைக் காணலாம்.

கிளியர் கோட்: அடியில் மெல்லிய நிறப் பூச்சு, அதன்மேல் நிறமில்லாத கண்ணாடி போன்ற பூச்சு. மெட்டாலிக் நிறங்களும் பிற்காலத்துக் கார்களும் பெரும்பாலும் இவ்வகை.

சோதிப்பது எளிது. வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் தொட்டு, மறைவான இடத்தில் தேயுங்கள். துணியில் காரின் நிறம் வந்தால் ஒற்றைப் பூச்சு. நிறம் வராவிட்டால் பெரும்பாலும் கிளியர் கோட். வெள்ளைக் காருக்குக் கறுப்புத் துணி பயன்படுத்துங்கள்.

அடுத்து, கம்பெனி பெயிண்டா, மறுபடி அடித்ததா என்று பார்க்க வேண்டும். கதவு ரப்பருக்கு அடியில், விளக்கு ஓரங்களில் பெயிண்ட் சிதறல் இருந்தால் மறுபடி அடித்தது. மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் பிடி தளர்ந்தால் அங்கே பட்டி நிரப்பியிருக்கலாம். அத்தகைய இடங்களில் பெயிண்ட் எவ்வளவு தடிமன் என்று கணிக்க முடியாது, மெஷினை மிக இலேசாகவே வைக்க வேண்டும்.

3. பாலிஷ் என்பது செலவழிப்பதே

பாலிஷ் எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை, இருப்பதிலிருந்து கழிக்கிறது. கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். ஒரு மில்லிமீட்டர் என்பது 1,000 மைக்ரான். மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான். அதாவது, காரைக் காக்கும் அந்தப் பூச்சு ஒரு முடியின் தடிமன்கூட இல்லை. காம்பவுண்ட் ஒருமுறை ஓட்டினால் ஓரிரு மைக்ரான் போகலாம். கம்பளிப் பேடில் அழுத்தி ஓட்டினால் இன்னும் கூடுதலாகப் போகும்.

ஆகவே ஒரு கார் தன் வாழ்நாளில் தாங்கக்கூடிய கடும் பாலிஷ் சில தடவைகளே. மாதாமாதம் ரப்பிங் போடுவது வண்டிக்குச் செய்யும் நன்மை அல்ல. பிறர் வண்டியில் வேலை செய்பவருக்கு அந்தச் சில மைக்ரான்கள் அமானிதம். தீர்ந்துவிட்டால் அதைத் திருப்பிக் கொடுக்க எந்த மெஷினாலும் முடியாது.

பாலிஷால் சரியாகுபவை: மேல் வெளுப்பு, தூள் விடுதல், கழுவும்போது விழுந்த சிலந்தி வலை போன்ற கீறல்கள், இலேசான தண்ணீர்க் கறை.

சரியாகாதவை: வெள்ளைத் தோலாக உரியும் கிளியர் கோட், அடிவரை போன வெடிப்பு, நகம் மாட்டும் ஆழமான கீறல், அடியிலிருந்து பொங்கும் துரு. இவற்றை மெஷினால் தேய்த்தால் நிலைமை மோசமாகும். அந்தப் பகுதிக்கு மட்டும் பெயிண்ட் அடிப்பதே வழி. பெயிண்ட் அடிக்கும்போது நிறத்தை மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் மாற்ற வேண்டும். பாலிஷுக்கு அப்படி எதுவும் தேவையில்லை. 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போது ஆர்.சி.யில் உள்ள நிறமும் வண்டியின் நிறமும் ஒத்திருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

4. தேவையான பொருட்கள்

மெஷின் இரண்டு வகை. ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் சுழலும், வேகமாக வெட்டும், சீக்கிரம் சூடாக்கும். கை பழகாதவர் சில விநாடியில் ஓர் ஓரத்தைத் தகடுவரை தேய்த்துவிடலாம். டூயல் ஆக்‌ஷன் மெஷின் சுழன்றுகொண்டே சிறு வட்டமாக அசையும். வேலை மெதுவாக நடந்தாலும் பாதுகாப்பானது. கற்பவர்கள் டூயல் ஆக்‌ஷனில் தொடங்குவதே நல்லது.

வெல்டிங் பட்டறையின் 4 இஞ்ச் கிரைண்டரில் பேடை மாட்டி ஓட்டும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடும். பாலிஷுக்கு வேண்டியது 600 முதல் 2,000 சுற்று. கிரைண்டரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

பேடுகள்: கம்பளிப் பேடு அதிகம் வெட்டும். கடின ஸ்பாஞ்சு நடுத்தரம். மென்மையான ஸ்பாஞ்சு முடிப்பு வேலைக்கு. ஒரு காருக்கு நான்கைந்து பேடாவது கைவசம் வேண்டும். ஒரே பேடில் முழுக் காரையும் முடிப்பது, ஒரே தண்ணீரில் தெருவையே கழுவுவது போன்றது.

மற்றவை: காம்பவுண்ட், மென் பாலிஷ், வேக்ஸ் அல்லது சீலண்ட், கிளே பார், மாஸ்கிங் டேப், பத்துப் பன்னிரண்டு மைக்ரோஃபைபர் துணிகள், ஒரு நல்ல எல்.இ.டி. விளக்கு. பனியன் வேஸ்ட் துணியை மேல்பூச்சில் பயன்படுத்த வேண்டாம், அதிலுள்ள தையலும் பட்டனும் புதிய கீறல் போடும்.

5. வேலை முறை

முதல் படி, கழுவுதல். நிழலில், தகடு ஆறியபின் கழுவுங்கள். இரண்டு வாளி போதும். ஒன்றில் ஷாம்பு தண்ணீர், மற்றொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். நம் நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது இரு கை சேர்த்து அள்ளும் அளவுத் தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் வருகிறது. அந்த உம்மத்தினர் ஒரு காரைக் கழுவ ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டு நிற்பது பொருத்தமில்லை.

இரண்டாம் படி, ஒட்டியதை எடுத்தல். கையை மெல்லிய பாலித்தீன் கவருக்குள் விட்டுக் கழுவிய தகட்டின் மேல் தடவுங்கள். நெறுநெறுவென்று இருந்தால் தூசியும் இரும்புத் துகளும் பெயிண்டில் ஒட்டியிருக்கின்றன. ஷாம்பு தண்ணீரைத் தெளித்து, கிளே பாரை அழுத்தாமல் ஓட்டுங்கள். கீழே விழுந்த கிளேயை மறுபடி பயன்படுத்தக் கூடாது, மண் ஒட்டியிருக்கும்.

மூன்றாம் படி, மறைத்தல். ரப்பர் பீடிங், கறுப்பு பிளாஸ்டிக், லோகோ, விளக்கு ஓரம் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டுங்கள். காம்பவுண்ட் கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டுக் காய்ந்தால் வெள்ளைக் கறை லேசில் போகாது. தகட்டின் மடிப்புக் கோடுகளிலும் விளிம்புகளிலும் டேப் ஒட்டுங்கள். அங்கே பெயிண்ட் மெலிவாக இருக்கும், பேடின் முழு அழுத்தமும் அந்த ஒரு கோட்டில்தான் விழும். பெயிண்ட் தேய்ந்துபோகும் விபத்துகள் பெரும்பாலும் நடப்பது இந்த இடங்களில்தான்.

நான்காம் படி, சோதனைச் சதுரம். பானெட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடம் தேர்ந்தெடுங்கள். முதலில் மென்மையான பேடும் மென் பாலிஷும் போட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் கடின ஸ்பாஞ்சு. அதுவும் போதாவிட்டால் காம்பவுண்ட். எந்த மிகக் குறைந்த கடுமையில் வேலை நடக்கிறதோ அதுவே அந்தக் காருக்குரிய முறை. இந்தச் சதுரத்தில் செலவிடும் அரை மணி நேரம் காரைக் காப்பாற்றும். சதுரம் சரியாக வராவிட்டால் உரிமையாளரிடம் சொல்லி அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஐந்தாம் படி, மெஷின் ஓட்டுதல். பேடில் பட்டாணி அளவு நான்கைந்து பொட்டு வையுங்கள். மெஷினைத் தகட்டில் வைத்தபின்தான் ஸ்விட்சைப் போட வேண்டும். இல்லாவிட்டால் சட்டையெல்லாம் காம்பவுண்ட் ஆகும். குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். ரோட்டரியானால் 1,200 முதல் 1,500 சுற்றுக்கு மேல் கற்பவருக்கு வேண்டாம். மேலும் கீழுமாக ஒரு தடவை, இடமும் வலமுமாக ஒரு தடவை, ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தில் பாதியை மூடும்படி செல்லுங்கள். கை மெதுவாக நகர வேண்டும். மெஷினின் எடையோடு சிறிதளவு அழுத்தம் போதும். பேடு தகட்டில் படுக்கையாக இருக்க வேண்டும், சாய்க்கக் கூடாது. ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. அவ்வப்போது புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாது, அங்கே இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

ஒற்றைப் பூச்சுக் காரில் பேடு காரின் நிறத்துக்கு மாறும். பயப்பட வேண்டாம், செத்த பெயிண்ட் வருகிறது. ஆனால் பேடு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு சதுரத்துக்குப் பின்னும் பிரஷால் சுத்தம் செய்யுங்கள் அல்லது பேடை மாற்றுங்கள். கிளியர் கோட் காரில் பேடில் நிறம் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். மேல்பூச்சு தீர்ந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

ஆறாம் படி, உண்மை பார்த்தல். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறல்களை நிரப்பிப் பளபளப்பு காட்டும். முன்பு தண்ணீர் பற்றிச் சொன்னது இதற்காகத்தான். ஒரு சதுரத்தை முடித்தபின் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து இலேசாகத் துடைத்தால் எண்ணெய் போய் உள்ளபடி தெரியும். பழைய லாக்கர் பெயிண்டில் முதலில் மறைவான இடத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். இது குடிக்கும் மது அல்ல, துப்புரவுக்கான ரசாயனம். மனதுக்கு ஒப்பாதவர்கள் ஷாம்பு தண்ணீரால் கழுவிப் பார்க்கலாம். மார்க்கச் சட்டம் பற்றிய சந்தேகத்துக்குப் பள்ளி இமாமைக் கேளுங்கள். துடைத்தபின் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள்.

ஏழாம் படி, முடிப்பு. மென்மையான ஸ்பாஞ்சில் மென் பாலிஷ் போட்டு, காம்பவுண்ட் விட்ட மெல்லிய புகை போன்ற கோடுகளை எடுங்கள். கறுப்பு, கருநீல வண்டிகளில் இந்தப் படியைத் தவிர்த்தால் வெயிலில் வட்ட வட்டமாகத் தெரியும்.

எட்டாம் படி, காப்பு. பாலிஷ் செய்த பெயிண்ட் மூடாத பாத்திரம் போன்றது. அன்றே வேக்ஸ் அல்லது சீலண்ட் பூச வேண்டும். கர்நாபா வேக்ஸ் பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கப்படுவது. பளபளப்பு நன்றாக இருக்கும், ஆனால் நம் வெயிலில் சில வாரங்களே நிற்கும். செயற்கை சீலண்ட் சில மாதங்கள் நிற்கும். மெல்லியதாகப் பூசினால் போதும், தடிமனாகப் பூசுவதில் எந்தப் பயனும் இல்லை.

6. வேலை செய்பவரின் உடலும் உளூவும்

காம்பவுண்டில் இருப்பது அலுமினியம் ஆக்சைடு போன்ற மிக நுண்ணிய கடினத் தூள். பழைய பெயிண்டில் ஈயமும் இருக்கலாம். ஆகவே முகக்கவசமும் கண்ணாடியும் அவசியம். காய்ந்த தூளை வாயால் ஊதவோ கம்ப்ரசரால் அடிக்கவோ வேண்டாம், ஈரத்துணியால் எடுங்கள். வேலை உடையோடு குழந்தைகளைத் தூக்க வேண்டாம். அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள்.

லுங்கியும் தோளில் துண்டுமாக மெஷினைப் பிடிக்காதீர்கள், சுற்றி இழுத்துவிடும். வயரைத் தோள்மேல் போட்டுக்கொள்ளுங்கள். ஈரத்தரையில் நின்று மெஷின் ஓட்ட வேண்டாம். எர்த் இணைப்பு உள்ள பிளக்கையே பயன்படுத்துங்கள்.

பாங்கு சொன்னவுடன் பாதிச் சதுரத்தில் விட்டு ஓட வேண்டியதில்லை. காம்பவுண்ட் காய்ந்தால் எடுப்பது கடினம். அந்தச் சதுரத்தைத் துடைத்துவிட்டுச் செல்ல இரண்டு நிமிடம்தான் ஆகும். ஜமாஅத் நேரத்தை முன்கூட்டியே கணக்கிட்டுச் சதுரத்தைத் தொடங்குங்கள்.

உளூ விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். தண்ணீர் தோலைச் சேர விடாமல் தடுக்கும் படலம் உறுப்பில் இருந்தால் அதை நீக்கிவிட்டே உளூச் செய்ய வேண்டும் என்பது நம் ஃபிக்ஹு நூல்கள் சொல்லும் பொதுச் சட்டம். பெயிண்டும் சீலண்டும் வேக்ஸும் நகக்கண்ணிலும் விரலிடுக்கிலும் காய்ந்து ஒட்டக்கூடியவை. கையுறை போட்டு வேலை செய்தால் இந்தச் சங்கடம் வராது. போடாதவர்கள் எண்ணெய் தடவி, பிறகு சோப்பால் தேய்த்துக் கழுவுங்கள்.

7. பாலிஷும் வியாபார நேர்மையும்

இந்த வேலையால் ஒரு காரை அழகாக்கலாம். இதே வேலையால் ஒரு மனிதரை ஏமாற்றவும் செய்யலாம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. நம் விழுப்புரம் மாவட்டம் வெள்ளத்தில் தவித்ததை மறக்க மாட்டோம். எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டியில் வயரிங், சீட்டுக்கு அடியிலுள்ள தகடு, கதவின் உட்புறம் எல்லாம் மெதுவாகக் கெடும். வெளியே பாலிஷ் போட்டால் ஒரே நாளில் புதுசு போல ஆகிவிடும். வாங்குகிறவர் பளபளப்பைப் பார்த்துப் பணம் கொடுப்பார். தன் மகள் பிரசவத்துக்குப் போகும் இரவில் நடுவழியில் வண்டி நின்றால் அப்போதுதான் உண்மை தெரியும்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. மழை பட்டுவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என்று நபியவர்கள் கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். மழை பெய்ததற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. நனைந்ததை அடியில் வைத்ததற்காகவே கண்டிக்கப்பட்டார். ஃபெஞ்சல் மழையில் உங்கள் வண்டி நனைந்தது உங்கள் குற்றமல்ல. அதைச் சொல்லாமல் விற்பது உங்கள் குற்றம்.

மாடு வாங்கி விற்கும் நம் பகுதியினருக்கு இன்னொரு ஹதீஸ் எளிதில் விளங்கும். பால் கறக்காமல் நாட்கணக்கில் மடியில் தேக்கி, அதிகம் கறக்கும் பிராணிபோல் காட்டி விற்பதை நபியவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கி ஏமாந்தவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் வழங்கினார்கள். கீறலை எண்ணெயால் நிரப்பி, பட்டி பார்த்த இடத்தை மினுக்கி, காரை விற்பதும் மடியைத் தேக்கி விற்பதும் ஒன்றுதான். மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பும் உரிமையை ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளும் ஏற்கின்றன. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸின் கருத்து.

விற்பதற்கு முன் பாலிஷ் செய்வது கூடாது என்று இதற்குப் பொருளல்ல. பொருளைச் சுத்தமாக வைத்து விற்பது நல்ல பழக்கம். பாலிஷ் செய்ததைச் சொல்லுங்கள். எங்கே பட்டி, எங்கே துரு, தண்ணீரில் நின்றதா என்பதையும் சொல்லுங்கள். அதன்பின் விலை பேசுங்கள்.

வாங்குபவர்களுக்கு: பளபளக்கும் பழைய வண்டியைப் பார்த்தால் முதலில் மேட்டைத் தூக்கிப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி இருக்கும் குழியைப் பாருங்கள். அந்த இடங்களுக்கு யாரும் பாலிஷ் போடுவதில்லை.

தொழில் செய்யும் தம்பிகளுக்கு: வேலை தொடங்குமுன் கூலியைப் பேசி முடிவு செய்யுங்கள். வண்டியைச் சுற்றி வந்து, இருக்கும் குறைகளை உரிமையாளர் முன்னிலையில் எழுதிக்கொள்ளுங்கள், செல்போனில் படமும் எடுங்கள். எது சரியாகும், எது ஆகாது, மெலிந்த பெயிண்டில் என்ன ஆபத்து என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கற்றுத்தருகிறது. எழுதி வைத்த இடத்தில் சண்டை குறைவு. வண்டி கொடுத்தவர்களுக்கு: வேலை முடிந்ததும் கூலியைக் கொடுத்துவிடுங்கள், "வெள்ளிக்கிழமை வாங்கிக்கோ தம்பி" என்று அலைக்கழிக்காதீர்கள்.

8. மீட்டதைக் காப்பது

வாரம் ஒருமுறை கழுவுங்கள். காய்ந்த தூசியைத் துணியாலோ கோழி இறகுத் துடைப்பானாலோ தட்டாதீர்கள், அதுவே உப்புத்தாள். மண்ணெண்ணெய், டீசல் துடைப்பு வேண்டாம். அது ஒருநாள் மினுமினுக்கும், மறுநாள் தூசியை இழுத்து ஒட்டவைக்கும். பறவை எச்சத்தை ஈரத்துணி போட்டு ஊறவைத்து அன்றே எடுங்கள். போர்வெல் தண்ணீரில் கழுவினால் காயவிடாமல் துடைத்துவிடுங்கள். கோடைக்கு முன் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை வேக்ஸ் அல்லது சீலண்ட் பூசுங்கள். நிழலில் நிறுத்த இடமிருந்தால் அதைவிடச் சிறந்த பாலிஷ் இல்லை. தூசி படிந்த வண்டியின் மேல் கவர் போட்டால் காற்றில் கவர் அசைந்து கீறும். ஆகவே கழுவிய வண்டிக்கே கவர் போடுங்கள்.

9. படித்ததைச் சோதித்துப் பாருங்கள்

வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள்.

மங்கிய காரில் தண்ணீர் ஊற்றினால் நிறம் ஏன் திரும்பி வருகிறது?

கிளியர் கோட் காரில் பேடில் நிறம் தெரிந்தால் என்ன பொருள்?

மடிப்புக் கோடுகளில் ஏன் டேப் ஒட்டுகிறோம்?

முழுக் காரையும் தொடங்குமுன் ஒரு சதுரத்தில் மட்டும் ஏன் சோதிக்கிறோம்?

வெள்ளத்தில் நின்ற காரைப் பாலிஷ் போட்டு, நின்றதைச் சொல்லாமல் விற்றால், அந்தப் பணம் எப்படிப்பட்டது?

முதல் நான்கு கேள்விகளுக்கும் கை பழகினால் பதில் வந்துவிடும். ஐந்தாவது கேள்விக்கு மெஷின் தேவையில்லை, ஈமான் போதும்.

இருப்பதை வீணாக்காமல் பேணவும், உழைத்து ஹலாலாகச் சம்பாதிக்கவும், குறையைச் சொல்லி விற்கும் துணிவைப் பெறவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்